ஒடிசாவில் பிறந்த பிள்ளைக்கு ஒடிசாவின் கைவேலைப் பொருள்: தத்தெடுத்த பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மகள் ஒடிசாவில் பிறந்தவள். பதினான்கு மாதக் குழந்தையாக எங்களிடம் வந்தாள், இப்போது ஒன்பது வயது. காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்கிற தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இப்படி வேறு மாநிலத்துக் குழந்தை அமைவது உண்டு. வெளிநாட்டில் வாழும் தமிழர்களும் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கிறார்கள். பிள்ளை பிறந்த மண்ணின் பொருள் ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டுமே என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. எதை, எங்கே, எப்படி வாங்குவது என்று என்னிடம் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒடிசா. வேறு மாநிலமோ நாடோ என்றால் ஊர்ப் பெயர்கள் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் பெரிதாக மாறாது.

பிள்ளை இங்கேதானே வளர்கிறாள், தமிழ்தானே பேசுகிறாள். அந்த ஊர்ப் பொருள் எதற்கு?

என் மாமியாரும் இதைத்தான் முதலில் கேட்டார். "அதை மறக்கட்டும்னு விடாம ஏன் ஞாபகப்படுத்துற?" என்றார். மறக்க அவளுக்கு நினைவே இல்லை, அதுதான் விஷயம். நம் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குத் தாத்தா ஊர், பாட்டி செம்பு, கொலு பொம்மை என்று பிறப்புக்கு முந்தைய கதை தானாகவே வந்து சேர்கிறது. அவளுக்கு அந்தப் பதினான்கு மாதமும் அதற்கு முன்பும் வெறும் காகிதத்தில் இருக்கின்றன. கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இருந்தால், அதைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒரு வழி கிடைக்கிறது. "அம்மா, நான் எங்கே பிறந்தேன்?" என்று ஒரு பிள்ளை நேராகக் கேட்பதைவிட, "இந்தப் படம் எங்கே வாங்கினே?" என்று கேட்பது எளிது. எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

மாமியார் பிறகு அந்தப் படத்துக்கு அவரே சட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

குழந்தையை அழைத்து வரப் போகும்போதே வாங்கிவிடலாமா?

முடிந்தால் வாங்குங்கள். ஆனால் அந்த நாட்களில் உங்களுக்கு நேரமும் இருக்காது, மனமும் அங்கே இருக்காது. ஆவணங்கள், மருத்துவ அறிக்கை, குழந்தை பால் குடிக்கிறதா, ஏன் இப்படி அழுகிறது என்று கவலை. நாங்கள் கிளம்புகிற கடைசி நேரத்தில் ஒரு கடையில் நுழைந்து ஒரு சுவர்ப்படம் வாங்கினோம். கையால் வரைந்தது என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது தெரிந்தது, அச்சடித்த துணி. மகளுக்கு ஆறு வயதானபோது அதைக் காட்டி, "இதை யாரும்மா வரைஞ்சாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஒடிசா போனோம், வரைகிறவர்களின் வீட்டுக்கே.

அந்த முதல் பயணத்தில் கடைக்குப் போவதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குழந்தையை அதுவரை வளர்த்த இல்லத்திலிருந்து அது போட்டுக்கொண்டு வந்த சட்டை, சுற்றியிருந்த துணி, பால்புட்டி, கையில் வைத்திருந்த கிலுகிலுப்பை இவற்றைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய சட்டையைத் தூக்கிப்போட்டுப் புதுச்சட்டை போடுவது நம் வழக்கம். தயவுசெய்து பழையதைத் தூக்கிப்போடாதீர்கள். துவைக்கக்கூட வேண்டாம் என்பேன், முதல் சில வாரம் குழந்தைக்கு அந்த வாசனைதான் ஆறுதல். பார்த்துக்கொண்ட ஆயாக்களோடு ஒரு படம் எடுக்கலாமா என்று இல்லத்தில் கேளுங்கள். அனுமதித்தால் எடுங்கள், குழந்தையை அவர்கள் என்ன செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். எந்தக் கைவினைஞரும் செய்து தர முடியாத பொருள்கள் இவை.

எந்த ஊர்ப் பொருள் வாங்குவது? எங்களுக்கு இல்லம் இருக்கும் மாவட்டம் மட்டும்தான் தெரியும்.

இல்லம் இருக்கும் மாவட்டமும் பிறந்த மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரயில் நிலையத்தில் கிடைத்த குழந்தை எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. வேறு மாவட்டத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த குழந்தையும் உண்டு. குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையைப் பொறுமையாகப் படியுங்கள், அதில் என்ன இருக்கிறதோ அதுவரைதான் நமக்குத் தெரியும். "இது உன் கிராமத்துக் கலை" என்று சொல்லிவிடத் தோன்றும். தெரியாவிட்டால் சொல்லாதீர்கள். "நீ முதல் ஒரு வருஷம் இருந்த ஊருக்குப் பக்கத்தில் இதைச் செய்கிறார்கள்" என்பது உண்மை, அதுவே போதும்.

இன்னொன்று. நிறத்தையும் முகத்தையும் பார்த்து, "மலைவாழ் இனமா இருக்கும்" என்று உறவினரோ கடைக்காரரோ ஊகிப்பார்கள். அந்த ஊகத்தை வைத்துப் பொருள் வாங்காதீர்கள். நியமகிரி மலையில் டோங்ரியா கோந்த் பெண்கள் கையால் பூவேலை செய்யும் கப்டாகண்டா சால்வை மிக அழகானது, 2024-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அழகுக்காக வாங்குங்கள், அந்தப் பெண்களுக்குக் காசு போய்ச் சேருமென்றால் இன்னும் நல்லது. ஆனால் "இதுதான் உன் இனத்து உடை" என்று ஒரு பிள்ளையின் தோளில் போட நமக்கு ஆதாரம் வேண்டும்.

சரி, ஒடிசாவில் என்னென்ன இருக்கிறது?

நிறைய. நான் பார்த்தவற்றில் பிள்ளைக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பட்டசித்ரா. துணிமேல் வரையும் ஓவியம். பூரியிலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தூரத்தில், பார்கவி ஆற்றங்கரையில் ரகுராஜ்பூர் என்ற ஊர். வீட்டுக்கு வீடு வரைகிறவர்கள். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். பழைய பருத்தித் துணியை இரண்டாக ஒட்டி, புளியங்கொட்டைப் பசை தடவி, சுண்ணக்கல் பொடி பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தோல்போல ஆக்குகிறார்கள். சங்கைப் பொடித்து வெள்ளை, விளக்குக் கரியில் கறுப்பு, வண்ணம் ஒட்ட விளாம்பிசின். புளியங்கொட்டையும் விளாம்பிசினும் நம் பாட்டிகளுக்குத் தெரியாததா? மகளுக்கு அங்கே ஒரு பெரியவர் தேய்க்கிற கல்லைக் கையில் கொடுத்தார். பத்து நிமிடம் தேய்த்தாள். இப்போது வீட்டிலிருக்கும் படத்தைவிட அந்தக் கல்லைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள்.

இந்த ஓவியம் வெறும் சுவர் அலங்காரமாக வளர்ந்ததல்ல. ஆனி மாதவாக்கில் வரும் ஸ்நான பூர்ணிமையன்று பூரி ஜகந்நாதருக்கும் அண்ணன் பலபத்ரருக்கும் தங்கை சுபத்ரைக்கும் குடம் குடமாக நீராட்டுவார்கள். அதனால் மூவருக்கும் காய்ச்சல் கண்டு பதினைந்து நாள் தனியறையில் ஓய்வெடுப்பதாக நம்பிக்கை. அந்த நாட்களில் மூர்த்திகளுக்குப் பதிலாக சித்ரகார்கள் எனப்படும் ஓவியர்கள் வரைந்த பட்டங்களை, அதாவது துணி ஓவியங்களைத்தான் வைத்து வழிபடுகிறார்கள். சாமிக்கே காய்ச்சல் வரும் என்பது என் மகளுக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி.

தமிழ் வீட்டுக்கு வந்த ஒடிசாப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது 'காஞ்சி விஜயம்' படம். ஒடிசாவை ஆண்ட கஜபதி அரசர் புருஷோத்தம தேவருக்குக் காஞ்சி இளவரசி பத்மாவதியைக் கேட்டார்களாம். ரதயாத்திரையில் தேரைப் பெருக்கும் அரசனுக்கா பெண் கொடுப்பது என்று காஞ்சி மன்னர் மறுத்தாராம். போர் மூண்டது. ஜகந்நாதரும் பலபத்ரரும் கறுப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் வீரர்களாக முன்னே போனார்கள், வழியில் தாகத்துக்கு மாணிகா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டுக் காசுக்குப் பதிலாக மோதிரத்தைக் கொடுத்தார்கள் என்று கதை. படத்தில் இரண்டு குதிரையும் தயிர்க்குடத்தோடு நிற்கும் பெண்ணும் இருப்பார்கள். கதை முடிவில், சிறைப்பட்ட இளவரசியை ஒரு தெருப்பெருக்குபவனுக்குக் கட்டிவைக்கச் சொல்கிறார் அரசர். மந்திரி காத்திருந்து, அரசர் தேர் பெருக்கும் நாளில் அவருக்கே மணமுடித்து வைக்கிறார். பரம்பரைக் கதைதான், போர் என்றால் ஒரு பக்கம் தோற்கத்தான் வேண்டும், இதில் தோற்றது நம் பக்கம். இருந்தாலும் அங்கிருந்து இங்கே வந்த ஒரு பெண்பிள்ளைக்கு, இங்கிருந்து அங்கே போன ஒரு பெண்ணின் கதை வேறு மாதிரிதான் கேட்கிறது.

அடுத்தது பனையோலைச் சித்திரம். பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தேய்த்து எடுப்பது. ஓலைகளை நூலால் கோத்து விசிறிபோல மடிக்கலாம். நம் ஏட்டுச்சுவடியும் இதே முறைதான். இரண்டு ஊரும் ஒரே மரத்து ஓலையில் எழுதியவை என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. சிறியதாக ஒன்று வாங்கினால் விலையும் தாங்கும், பெட்டியிலும் அடங்கும்.

புவனேஸ்வரிலிருந்து பூரி போகும் சாலையில் பிப்பிலி. வண்ணத் துணிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கும் வேலை. ரதயாத்திரைக்கு வேண்டிய குடை, விதானம் தைத்து வந்தவர்கள். விதானத்தைச் 'சந்துவா' என்பார்கள். சின்னக் குழந்தை என்றால் கட்டிலுக்கு மேலே கட்ட ஒரு சந்துவா, ஓடி விளையாடும் வயதென்றால் ஒரு சிறு குடை. ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், சுபத்ரை தேருக்குச் சிவப்பும் கறுப்பும் என்று தேருக்குத் தேர் துணி நிறம் மாறும். அதைச் சொல்லித் தைத்துத் தரச் சொல்லலாம். சாயம் ஒட்டும், தண்ணீரில் நனைக்காதீர்கள்.

டோக்ரா என்பது பித்தளை வார்ப்பு. சுவாமிமலையிலும் மெழுகில் செய்து வார்க்கிறார்கள். டோக்ராவில் உள்ளே களிமண் கரு வைத்து, அதன்மேல் மெழுகை நூலாகத் திரித்துச் சுற்றி உருவம் செய்கிறார்கள், அந்த நூல் வரிகள் பித்தளையில் அப்படியே தெரியும். அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்க முடியும், அதனால் ஒன்றுபோல இன்னொன்று கிடையாது. தேங்கானல் மாவட்டத்தில் சதேய்பரேணி என்ற ஊர் இதற்குப் பெயர் பெற்றது. சத்தீஸ்கரிலும் மேற்கு வங்கத்திலும் தெலங்கானாவிலும்கூட டோக்ரா செய்கிறார்கள், ஆகவே எந்த ஊர் வேலை என்று கேட்டு வாங்குங்கள்.

கட்டக்கின் தாராகாசி, தலைமுடிபோன்ற வெள்ளிக் கம்பி வேலை. பெரிய பிள்ளைக்கு ஒரு தோடோ பதக்கமோ நன்றாக இருக்கும். மயூர்பஞ்ச் பக்கம் சபாய்ப் புல் கூடைகள் மலிவு, அன்றாடம் பயன்படும்.

துணி?

துணியைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்தமாட்டேன், சுருக்கிக்கொள்கிறேன். சம்பல்புரி என்றால் நூலை முதலில் கட்டுக்கட்டாகக் கட்டிச் சாயம் ஏற்றி, அப்புறம் நெய்வது. பர்கட், சோன்பூர் பக்கத்து நெசவு. சங்கு, சக்கரம், பூ வடிவங்கள் வரும், ஓரம் சற்றுக் கலங்கினாற்போல் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக இருந்தால் நெய்தது, பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சு.

கோராபுட் மாவட்டத்தில் கோட்பாட் என்ற ஊரின் நெசவுக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. மிர்கான் சமூகத்தவர் நெய்வது. ஆல் என்று அவர்கள் சொல்லும் மரத்தின் வேரிலிருந்து சிவப்பும் பழுப்பும் எடுக்கிறார்கள். நம்மூர் ஆலமரமல்ல, நுணா மரத்தின் இனம். சாயம் பிடிக்க நூலை விளக்கெண்ணெயிலும் சாணத்திலும் சாம்பலிலும் நாள்கணக்கில் பக்குவம் செய்வார்கள், அந்த வாசம் புதுத்துணியில் லேசாக இருக்கும். அது குறையல்ல.

புடவையாகவே வாங்கி வையுங்கள் என்பது என் எண்ணம். குழந்தைக்கு வாங்கும் பாவாடை இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். நான் ஒரு சம்பல்புரிப் பருத்திப் புடவை வாங்கி, மகள் எங்களிடம் வந்த நாளில் ஆண்டுதோறும் நானே உடுத்திக்கொள்கிறேன். ஒருநாள் அவளுக்குப் போகும். பையனென்றால் வேட்டி, அங்கவஸ்திரம், போர்வை எதுவும் நெய்து கிடைக்கிறது.

கையால் வரைந்த பட்டசித்ராவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டைப் பாருங்கள். கையால் இழுத்த கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். ஒரே பூ பத்து முறை வந்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். சாய்த்துப் பிடித்தால் வண்ணம் மேற்பரப்பில் மெல்லிய மேடாகத் தெரியும். அச்சில் எல்லாம் தட்டை. பூதக்கண்ணாடி வைத்தால் அச்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும், இந்தக் காலத்தில் கைப்பேசிக் கேமராவே போதும். பின்பக்கம் துணி இழை தெரிய வேண்டும்.

இயற்கை வண்ணமா என்பது தனிக் கேள்வி. இன்று பலர் கடையில் வாங்கிய வண்ணத்திலும் வரைகிறார்கள். நேராகக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். கடை வண்ணத்தில் வரைந்தாலும் கைவேலை கைவேலைதான், எனக்கு அதில் குறை இல்லை.

புவிசார் குறியீடு இருந்தால் அசல்தானே?

அந்தக் குறியீடு ஒரு ஊரின் ஒரு பொருளுக்குக் கிடைத்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, உங்கள் கையிலிருக்கும் துண்டை யாரும் சோதித்துச் சான்று கொடுத்ததாக ஆகாது. பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, எந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது, யார் பெயரில் என்று இணையத்தில் தேடலாம். துணிக்குக் கைத்தறி முத்திரையும் பட்டுக்குப் பட்டு முத்திரையும் பாருங்கள். இவற்றையெல்லாம்விட, "யார் செய்தது, எந்த ஊர்?" என்று கேட்டதும் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

ஒடிசா போக முடியவில்லை. எங்கே வாங்கலாம்?

ஒடிசா அரசின் கைவினைக் கடை உத்கலிகா, கைத்தறிக் கூட்டுறவு பொயனிகா. நம் பூம்புகார், கோ-ஆப்டெக்ஸ் போல. டெல்லியில் பாபா கரக் சிங் சாலையில் மாநில அரசுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, உத்கலிகாவும் அங்கே உண்டு. சென்னை, கோவை, மதுரையில் நடக்கும் கைவினைக் கண்காட்சிகளுக்கு ஒடிசாவிலிருந்து செய்கிறவர்களே வருவதுண்டு. ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் போய் நின்று பேசுங்கள். முதல் நாள் வாங்க வேண்டியதில்லை. தொலைபேசி எண் வாங்கி வந்தால் பிறகு வேண்டியதைச் சொல்லி வரைய வைக்கலாம்.

ஒடிசா போக முடிந்தால் புவனேஸ்வரில் ஏகாம்ர ஹாட் வளாகத்தில் பல ஊர்ப் பொருள்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கலா பூமி என்ற கைவினை அருங்காட்சியகத்துக்கு முதலில் போனால், எது எப்படி இருக்க வேண்டும் என்று கண் பழகிவிடும். கட்டக்கில் கார்த்திகைப் பௌர்ணமியில் தொடங்கும் பாலி ஜாத்ரா சந்தை பிள்ளைகளுக்குத் திருவிழாதான்.

பேரம் பேசலாமா?

விலை கேளுங்கள், வேறு சிறியது இருக்கிறதா என்று கேளுங்கள். செய்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பாதி விலைக்குக் கேட்காதீர்கள். ஒரு நல்ல படத்துக்குப் பல நாள், பெரிய படத்துக்கு மாதக்கணக்கு ஆகும். 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரிக் கரையைக் கடந்தபோது ரகுராஜ்பூரில் வீட்டோடு சேர்த்து வரைந்து வைத்திருந்த படங்களும் போயின. தானே புயலையும் கஜாவையும் பார்த்த நமக்கு அது புரியும். கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றதைச் சொன்ன விலைக்கு வாங்குங்கள். நாளைக்குப் பிள்ளை "எவ்வளவு கொடுத்தே?" என்று கேட்பாள்.

குழந்தை விளையாடக் கொடுக்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் எதையும் வாயில் வைக்கும். மரபு முறைப் பட்டசித்ராவில் சிவப்புக்கு இங்குலம், அதாவது சாதிலிங்கம். அது பாதரசம் சேர்ந்தது. மஞ்சளுக்கு அரிதாரம், அதில் ஆர்செனிக் இருக்கிறது. முன்பு கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய அதே அரிதாரம்தான். சுவரில் இருக்கும்வரை கவலை இல்லை, கைக்கெட்டாத உயரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுங்கள். தாராகாசியின் கம்பி நுனி குத்தும், சிறு துண்டு தொண்டையில் சிக்கும். டோக்ரா கனமானது, காலில் விழும். கையில் கொடுப்பதற்குப் புல்கூடையும் துணியும் போதும்.

"உன்னைப் பெற்ற அம்மா கொடுத்தது" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்காதா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றையாவது ஏற்றுக்கொள்வீர்கள் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆசையில்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். "உங்க அம்மா இந்த மாதிரி புடவைதான் கட்டியிருப்பாங்க", "அவங்க கையால செஞ்சது" என்று சொன்னால் அந்தப் பிள்ளை அந்தத் துணியை இரவில் கட்டிக்கொண்டு தூங்கும். பதினைந்து வயதில் விலைச்சீட்டு எங்கேயோ கிடைக்கும். அன்றைக்கு உடைவது அந்தத் துணியைப் பற்றிய நம்பிக்கை மட்டுமல்ல, நாம் சொன்ன மற்றவற்றையும் அவள் சந்தேகிப்பாள்.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. தத்தெடுத்த பிள்ளைக்குத் தன் வேரைத் தேட உரிமை உண்டு. 18 வயது நிறைந்தால் தானே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்பு பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றவரின் அந்தரங்கத்தை மீறாமல் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவு தருவார்கள். ஒருநாள் உண்மைக் காகிதங்கள் அவள் கைக்கு வரலாம். நாம் சொன்னது அவற்றோடு முரண்படாமல் இருக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: "உன்னைப் பெற்ற அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாது. நீ பிறந்த ஒடிசாவில் இப்படி நெய்கிறார்கள். அது எனக்குப் பிடிச்சது, உனக்காக வாங்கினேன்." மூன்றும் உண்மை.

வாங்கும்போது குழந்தை தத்து என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. "மகள் ஒடிசாவில் பிறந்தவள்" என்றால் போதும். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது அவள் கதையை அறிமுகமில்லாதவரிடம் விரிக்காதீர்கள். அது அவள் கதை, எப்போது யாரிடம் சொல்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பொருளில் பெயர் பொறிக்கச் சொன்னால் வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் கொடுங்கள். இல்லத்தின் பெயர், தேதி, பிள்ளையின் முகம் எல்லாம் சேர்ந்த படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

எல்லாம் ஜகந்நாதர் படமாகவே இருக்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள்.

பறவை, மீன், மரம், யானை வரைந்த பட்டங்களும் ஓலைகளும் நிறையக் கிடைக்கும். பூரிக் கோயிலுக்குள் கிறிஸ்தவர்கள் போக முடியாது, ரகுராஜ்பூருக்கும் பிப்பிலிக்கும் யாரும் போகலாம். நெசவுக்கும் கூடைக்கும் மதம் இல்லை.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போக எது ஆகாது?

பூரிக் கடற்கரையிலும் கோனார்க்கிலும் விற்கும் சங்கு, சிப்பி, பவளப் பொருள்களைத் தொடாதீர்கள். பவளமும் பல சங்கினங்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. "பழைய ஏடு, தாத்தா காலத்தது" என்று யாராவது ஓலைச்சுவடி காட்டினாலும் வேண்டாம். 75 ஆண்டு கடந்த சுவடியும் 100 ஆண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் தொல்பொருள், நாட்டைவிட்டு எடுத்துப் போவது குற்றம். புதிதாகச் செய்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் புல், மரம், விதையில் செய்த எதையும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள்.

எங்களுக்குப் பெற்ற பிள்ளையும் இருக்கிறான். அவனுக்கு?

அவனுக்கும் அவன் பிறந்த ஊர்ப் பொருள் ஒன்று. மதுரையில் பிறந்தால் மதுரைச் சுங்குடி, பத்தமடைப் பக்கம் என்றால் பாய். ஒருத்திக்கு மட்டும் "உன் ஊர்" என்று தனியாக வைத்தால் அவள் வீட்டில் விருந்தாளிபோல் ஆகிவிடுவாள். இரண்டு பொருளும் ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

வளர்ந்த பிள்ளை "இதெல்லாம் எடுத்துவிடு" என்கிறாள்.

எடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாமல், விளக்கம் கேட்காமல். வகுப்பில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம், அல்லது அவளுக்கு இப்போது வேறாகத் தெரிய விருப்பமில்லாமல் இருக்கலாம். டிரங்குப் பெட்டியில் வைத்து, எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். கேட்கும்வரை மறுபடி எடுக்காதீர்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் கூடாது.

எப்படிப் பாதுகாப்பது?

சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரப்பதம்தான் எதிரி. பட்டத்தை மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் வண்ணம் உதிரும். வெயில் படாத சுவர். ஓலையைப் பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். கைத்தறிப் புடவையை ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பு மாற்றுங்கள். வெள்ளி கறுக்கும், அவ்வளவுதான்.

கூடவே ஒரு தாள் எழுதி வையுங்கள். யாரிடம் வாங்கினோம், எந்த ஊர், என்ன தேதி, என்ன விலை, அன்றைக்கு மழை பெய்ததா, குழந்தை என்ன செய்தாள். எங்கள் தாளில், "கல்லைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அழுதாள், பெரியவர் வேறொரு சின்னக் கல்லைக் கொடுத்து அனுப்பினார்" என்று எழுதியிருக்கிறது.

வாங்க வசதியில்லை என்றால்?

ஒடிசாவில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில், நவம்பர் டிசம்பர் வாக்கில், லட்சுமிக்கு வாசலில் அரிசி மாவுக் கரைசலால் வரைவார்கள். 'ஜோட்டி' என்று பெயர். நெற்கதிர், தாமரை, வாசலிலிருந்து உள்ளே வரும் சின்னச் சின்னக் காலடிகள். நாம் கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் போடுகிற அதே மாக்கோல மாவுதான். அரிசியை ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய துணியை நனைத்து விரலிடுக்கில் பிழிந்து கோடு விடலாம், காலடிக்கு முஷ்டியை மாவில் தோய்த்து அழுத்தி, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி. எங்கள் வீட்டில் காலடிகள் அடுக்களையில் அரிசிப் பானைவரை போகும். சென்ற ஆண்டு பானைக்கு முன்னால் திரும்பி அவள் அறைக்கும் ஒரு வரிசை போட்டிருந்தாள்.